பாதி கிழிந்த தோள் தசைநாண்: எப்போது தைக்க வேண்டும்?

தோள்வலிக்காக எடுத்த எம்ஆர்ஐ அறிக்கையில் 'சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணில் பகுதிக் கிழிசல்' என்று ஒரு வரி இருந்துவிட்டால், அதைப் படித்தவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. கிழிந்ததைத் தைத்துத்தானே ஆக வேண்டும், தைக்காவிட்டால் முழுவதும் கிழிந்துவிடாதா, கை விளங்காமல் போய்விடுமா என்று மனம் அலைபாயும். உறவினர் ஒருவர், 'ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன்தான், வேறு வழியே இல்லை' என்பார். இன்னொருவர், 'தோளில் மட்டும் கத்தி வைக்க விடாதே' என்பார். இருவர் சொல்வதையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கிழிசல் எங்கே, எவ்வளவு ஆழம், அதுதான் வலிக்குக் காரணமா என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்கலாம். 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 34 சதவீதத்தினருக்குக் கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 26 சதவீதத்தினருக்குப் பகுதிக் கிழிசல், 28 சதவீதத்தினருக்கு முழுக் கிழிசல். அத்தனை பேரும் வலி என்ற பேச்சே இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். தலைநரை போல வயதோடு வருகிற மாற்றமாகவும் கிழிசல் இருக்கலாம் என்பது இதன் பொருள். ஸ்கேனில் கிழிசல் தெரிகிறது, தோளில் வலியும் இருக்கிறது; அதற்காக ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. இதை நோயாளிக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் மருத்துவர் கிடைத்தால் பாதி பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தோள்மூட்டில் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது. அது பொருந்தும் குழி சிறியது, ஆழமும் குறைவு. அதனால்தான் கையைத் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னாலும் நம்மால் கொண்டுபோக முடிகிறது. ஆனால் உருண்டை குழியை விட்டு விலகாமல் பிடித்துவைக்கும் வேலையை எலும்பால் செய்ய முடியாது. அந்த வேலை நான்கு தசைகளுடையது. முன்பக்கம் சப்ஸ்காப்புலாரிஸ், மேலே சுப்ராஸ்பினேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பினேட்டஸும் டெரஸ் மைனரும். இவற்றின் தசைநாண்கள் ஒன்றோடொன்று கலந்து, எலும்புத் தலையைக் கவிந்த உறைபோல அமைந்திருக்கின்றன. இதைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். பெரும்பாலும் கிழிவது மேலே உள்ள சுப்ராஸ்பினேட்டஸ்.

அந்தத் தசைநாண் எலும்பில் பதியும் இடம் சுமார் 12 மி.மீ. அகலம். பகுதிக் கிழிசல் எவ்வளவு ஆழம் என்பதை இதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஹார்வர்ட் எல்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1990இல் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆழம் 3 மி.மீ.க்குள் இருந்தால் முதல் நிலை, 3 முதல் 6 வரை இரண்டாம் நிலை, 6க்கு மேல் போனால், அதாவது பாதிக்கு மேல் கிழிந்திருந்தால், மூன்றாம் நிலை.

ஆழம் போலவே பக்கமும் முக்கியம். மூட்டை நோக்கிய அடிப்பக்கத்தில் கிழியலாம். மேலே பர்சா என்ற மசகுப் பையை ஒட்டிய பக்கத்தில் கிழியலாம். இரண்டுக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி உள்ளுக்குள்ளேயும் கிழியலாம். அடிப்பக்கக் கிழிசல்கள்தான் மேல்பக்கத்தவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அங்கே இழைகள் மெல்லியவை, இழுவிசையைத் தாங்கும் திறன் குறைந்தவை, ரத்த ஓட்டமும் குறைவு. பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன் தோள்பட்டையைப் பற்றி 1934இல் எழுதிய பெரிய நூலிலேயே இதைக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார். மூட்டு ஓரத்தில், அடியிலிருந்து விளிம்பு பிய்ந்து வருவதை அவர் கண்டார். எம்ஆர்ஐ இல்லாத காலம் அது. எதிர்ப்பக்கம், மேல்பக்கக் கிழிசல் எண்ணிக்கையில் குறைவு என்றாலும் பொதுவாக அதுதான் அதிகம் வலிக்கும்.

பாதி இழைகள் அறுந்த கயிற்றில் மிச்சமுள்ள இழைகள் முழுப் பாரத்தையும் சுமப்பதுபோல, கிழிசலின் ஓரத்தில் உள்ள இழைகள் வழக்கத்தைவிட அதிக இழுவையைத் தாங்குகின்றன. தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பவும் பெரிய ஆதாரம் இல்லை. பகுதிக் கிழிசல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர் ஹிரோவாக்கி ஃபுக்குடா, வெட்டி எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஆறியதற்கான அடையாளம் அரிதாகவே தெரிந்தது. அதே சமயம், எல்லாக் கிழிசலும் பெரிதாவதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வலியில்லாத கிழிசல்களை ஆண்டுக்கணக்கில் அல்ட்ராசவுண்டால் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பகுதிக் கிழிசல்களில் 44 சதவீதம் பெரிதாகியிருந்தன. அப்படிப் பெரிதானவர்களுக்கு வலி தோன்றும் வாய்ப்பும் கூடியிருந்தது. பாதிக்கு மேற்பட்டவை அப்படியே இருந்தன. ஆறாது, ஆனால் ஓடியும் போகாது என்பதுதான் பலருடைய நிலை. காத்திருந்து கவனிக்க அவகாசம் உண்டு.

அந்த அவகாசத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதில்தான் நம் ஊரில் பெரிய குறை. மருத்துவர் பிசியோதெரபி எழுதிக் கொடுக்கிறார்; நோயாளி நாலைந்து நாள் போய் மின்சார ஒத்தடம் வாங்கிக்கொள்கிறார்; வலி குறையவில்லை என்று நிறுத்திவிடுகிறார். 'பிசியோ பண்ணிப் பார்த்தாச்சு, சரியாகவில்லை' என்ற வரி அறுவை சிகிச்சைக்கான காரணமாகக் கோப்பில் ஏறிவிடுகிறது. இது நடக்கக் கூடாது. ரப்பர் பட்டையை இழுத்து, கிழியாமல் மிச்சமிருக்கும் தசைகளையும் தோள்பட்டை எலும்பை நிறுத்திவைக்கும் தசைகளையும் படிப்படியாக வலுவாக்கும் பயிற்சிதான் சிகிச்சை. அதற்குக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும், ஆறு மாதம்வரைகூடப் போகலாம். வலி பயிற்சியைத் தடுத்தால் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம். அதைத் திரும்பத் திரும்பப் போடுவது தசைநாணுக்கு நல்லதல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை அளவு ஏறும். ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது.

சர்க்கரை நோய் இத்தனை பரவியுள்ள நம் மக்களிடம் இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். தோள் இறுகிப்போகும் ஃப்ரோஸன் ஷோல்டர் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது. அப்படி இறுகிய தோளுக்கு எம்ஆர்ஐ எடுத்தால் கூடவே ஒரு சிறு பகுதிக் கிழிசலும் தெரியலாம். பழி கிழிசல்மேல் விழுந்துவிடும். வித்தியாசம் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. நோயாளி கையைத் தளர்த்தி வைத்திருக்க, மருத்துவர் அதைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்ப்பார். முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். கிழிசல் மட்டும் இருந்தால், வலித்தாலும் கை பெரும்பாலும் முழுத் தூரம் போகும். இறுகிய தோளில், யார் தூக்கினாலும் திருப்பினாலும் கை பாதியில் நின்றுவிடும். இறுக்கம் தீராமல் கிழிசலைத் தைத்தால் அது மேலும் இறுகும்.

இவ்வளவுக்குப் பிறகும் வலி தீராதவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சை. அதில் முதலில் பேச வேண்டியது, செய்யத் தேவையில்லாத ஒன்றைப் பற்றி. தோளின் உச்சியில் கூரைபோல நீண்டிருக்கும் அக்ரோமியன் என்ற எலும்பு முனை, கீழே உள்ள தசைநாணை உரசி உரசித்தான் கிழிக்கிறது என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் விளக்கினார். அந்த முனையின் அடிப்பக்கத்தைச் சீவிவிட்டால் உரசல் போய்விடும் என்றார். கேட்டவுடன் நம்பத் தோன்றும் விளக்கம். உலகெங்கும் லட்சக்கணக்கான தோள்களில் அந்த எலும்பு சீவப்பட்டது. வலி குறைந்தது என்று நோயாளிகளும் சொன்னார்கள்.

சீவியதால்தான் குறைந்ததா என்று சோதித்துப் பார்க்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில், தசைநாண் முழுமையாகக் கிழியாத 313 நோயாளிகளை மூன்று குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவினருக்கு எலும்பைச் சீவினார்கள். இன்னொரு குழுவினருக்கு மயக்கம் கொடுத்து, கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் சீவாமல் தையல் போட்டு அனுப்பினார்கள். தங்களுக்கு எது நடந்தது என்பது அந்த இரு குழுவினருக்கும் தெரியாது. மூன்றாவது குழுவினருக்கு அறுவை சிகிச்சையே இல்லை. லான்செட் இதழில் வெளியான முடிவு: சீவியவர்களுக்கும், வெறுமனே பார்த்துவிட்டு அனுப்பியவர்களுக்கும் வலியிலோ செயல்பாட்டிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சையே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் சிறிய முன்னேற்றம். அதுவும் நோயாளிக்குப் பெரிதாகத் தெரியும் அளவில் இல்லை. 2018இல் ஃபின்லாந்து நாட்டு ஆய்வும் இதையே காட்டியது. 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கூட்டிய வல்லுநர் குழு, இந்த வகைத் தோள்வலிக்காக எலும்பு சீவும் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று உறுதியான பரிந்துரையே வழங்கியது. எனவே பகுதிக் கிழிசலுக்கு 'எலும்பைக் கொஞ்சம் சீவிவிட்டால் போதும்' என்று இன்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. அறுவை செய்த ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்துத் தேடிப் பார்த்து, செய்தது பலித்ததா என்று கணக்கெழுத வேண்டும் என்று கோட்மன் நூறாண்டுக்கு முன்பே சக மருத்துவர்களோடு சண்டை போட்டார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இத்தனை எலும்புகளைச் சீவியிருக்க மாட்டார்கள்.

மிஞ்சும் வழிகள் இரண்டு: பிசிறைச் சுத்தம் செய்வது, அல்லது தைப்பது.

இரண்டுமே ஆர்த்ராஸ்கோபி வழியாக நடக்கின்றன. கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மரத்துப்போகச் செய்வார்கள், பெரும்பாலும் முழு மயக்கமும் உண்டு. தோளின் பின்பக்கத்தில் ஒரு சிறு துளை வழியாக 4 மி.மீ. கனமுள்ள கேமரா குழாய் உள்ளே போகும். உப்புநீர் செலுத்தி மூட்டை விரித்தவுடன் திரையில் எல்லாம் தெரியும். நல்ல தசைநாண் வெண்மையாக, வழவழவென்று எலும்பில் பதிந்திருக்கும். கிழிந்த இடத்தில் நூல்நூலாகப் பிய்ந்து தண்ணீரில் அசையும். அதற்குப் பக்கத்தில், மூடியிருக்க வேண்டிய எலும்பு வெறுமையாகத் தெரியும். எத்தனை மி.மீ. எலும்பு திறந்து கிடக்கிறது என்று முனை வளைந்த அளவுக் கம்பியால் அளப்பார்கள். பிறகு ஒரு காரியம் செய்வார்கள். வெளியிலிருந்து தோல் வழியாக நீண்ட ஊசியைக் கிழிசலின் ஊடே குத்தி, அதற்குள் ஒரு நூலைச் செலுத்தி, ஊசியை மட்டும் உருவிவிடுவார்கள். கேமராவை மூட்டிலிருந்து எடுத்து மேலே பர்சாவுக்குள் கொண்டுபோய் அந்த நூலைத் தேடுவார்கள். நூல் எங்கே வெளிவந்திருக்கிறதோ அதுதான் கிழிசலுக்கு நேர்மேலே உள்ள இடம். அங்கே வெறும் முனையால் அழுத்திப் பார்த்தால், மேலோட்டமாக நன்றாகத் தெரியும் தசைநாண் உள்ளே பொள்ளலா, திடமா என்று கைக்குத் தெரிந்துவிடும். எந்த ஸ்கேனும் சொல்லாத விவரம் இது.

பாதி ஆழத்துக்குக் குறைவான கிழிசலானால், பிசிறடித்த நுனிகளைச் சுழலும் சிறு கத்தியால் மழித்து விட்டுவிடுவது பரவலான வழக்கம். பாதிக்கு மேல் போனால் தைப்பார்கள். இந்த 50 சதவீத விதிக்குப் பின்னணியில் அதிகம் பேசப்படுவது, 1990களின் பிற்பகுதியில் ஸ்டீபன் வெபர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. ஆழமான பகுதிக் கிழிசல்களில் சுத்தம் செய்யப்பட்டவர்களைவிடத் தைக்கப்பட்டவர்கள் நல்ல நிலையில் இருந்தார்கள். விதி பயன்படுகிறது, ஆனால் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லோருக்கும் தசைநாண் சரியாக 12 மி.மீ. இருப்பதில்லை. ஒரே காணொளியை இரு மருத்துவர்களிடம் காட்டினால் ஒருவர் 40 சதவீதம் என்பார், மற்றவர் 60 என்பார். மேல்பக்கக் கிழிசலானால் ஆழம் குறைவாக இருக்கும்போதே தைக்கப் பலரும் முன்வருகிறார்கள். வெறும் மழிப்பு அங்கே அவ்வளவாகப் பலிப்பதில்லை. வயது, வேலை, கிழிந்த விதம் எல்லாமே கணக்கில் வர வேண்டும். தினமும் தலைக்குமேல் கை தூக்கிப் பெயின்ட் அடிக்கும் 40 வயதுக்காரருக்குச் சொல்வதை, ஓய்வுபெற்ற 70 வயதுக்காரருக்கும் சொல்ல முடியாது.

தைப்பதிலும் இரு பாணிகள். மிச்சமுள்ள நல்ல பகுதியை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் ஊடாக எலும்பில் ஆங்கரை இறக்கி, கிழிந்த அடிப்பகுதியை மட்டும் இழுத்துக் கட்டுவது ஒன்று. ஆங்கர் என்பது 5 மி.மீ. அளவிலான சிறு திருகு. உலோகம், பிளாஸ்டிக் வகை, உடலில் கரையும் பொருள் எனப் பல ரகங்கள் உண்டு. அதன் வாலில் வலுவான நூல் இருக்கும். மற்ற பாணியில், மிச்சமுள்ள மெல்லிய பகுதியையும் வெட்டி முழுக் கிழிசலாக்கி, நைந்த திசுவை நீக்கி, நல்ல விளிம்பை எலும்பில் புதிதாகப் பொருத்துவார்கள். கேட்பவருக்கு இரண்டாவது விபரீதமாகத் தோன்றும்: இருப்பதையும் ஏன் வெட்ட வேண்டும்? ஆனால் மிச்சமுள்ள பகுதியும் பெரும்பாலும் நைந்துபோனதுதான். அதை விட்டுவைத்து அடியை மட்டும் இறுக்கும்போது இழுவை சமமாக இராமல் சில மாதங்கள் வலியும் இறுக்கமும் தொடர்வதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஒப்பிட்டு நடத்திய ஆய்வுகளில் ஓராண்டு, ஈராண்டு கழித்து இரு பாணிகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. உங்கள் மருத்துவருக்கு எது கைவந்ததோ அதைச் செய்யட்டும் என்பதே என் எண்ணம்.

அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. கிழிசலைத் தைக்காமல், அதன் மேல்பக்கத்தில் கொலாஜன் ஒட்டு ஒன்றை விரித்துப் பதித்துவிடுவது. சில மாதங்களில் ஒட்டு கரைந்து, அதன் இடத்தில் புதுத் திசு வளர்ந்து தசைநாண் தடிமனாகிறது. தொடக்க கால ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. கையை முன்னதாகவே அசைக்கவும் முடிகிறது. விலை அதிகம், நீண்ட கால அனுபவம் குறைவு. பரவலாகப் பயன்படும் ஒட்டு மாட்டின் குதிகால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனால் ஆனது. இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். நம்மில் பலருக்கு அது மனசாட்சி சார்ந்த விஷயம்.

பந்து எறிவதே தொழிலாக உள்ளவர்கள் தனி ரகம். அமெரிக்காவில் சிறிய பகுதிக் கிழிசலுக்குப் பிசிறை மட்டும் மழித்துக்கொண்ட தொழில்முறை பேஸ்பால் பந்துவீச்சாளர்களைத் தொடர்ந்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், 76 சதவீதத்தினர் மீண்டும் ஆடவந்தார்கள். பழைய தரத்தையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் 55 சதவீதம். இறுக்கித் தைத்த தோள் பழையபடி பின்னால் வளையாது என்பதால் அவர்களுக்குத் தைப்பதில் மருத்துவர்கள் மிகத் தயங்குவார்கள். டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா 2008 அக்டோபரில் வலது தோளின் ரொட்டேட்டர் கஃப் கிழிசலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஒற்றையர் ஆட்டத்துக்குத் திரும்பியது 2009 மே மாதத்தில். அதற்குள் தரவரிசையில் நூற்றுக்கும் கீழே போயிருந்தார், சர்வீஸ் போடும் முறையையே மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. 2012இல்தான் பிரெஞ்சு ஓபன் பட்டம் கிடைத்தது. உலகின் சிறந்த மருத்துவமும் பயிற்சியாளர்களும் கூடவே இருந்தவருக்கே இத்தனை காலம் பிடித்தது.

நம் வீட்டு நோயாளிக்கும் கணக்கு அதிகம் மாறாது. தைத்தபின் நான்கு முதல் ஆறு வாரம் கை தூளியில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் மற்றொருவர் பிடித்து அசைக்கலாம். நோயாளி தானாகத் தூக்கக் கூடாது. ஆறாவது வாரத்துக்குப் பிறகு மெல்ல மெல்லச் சொந்த பலத்தில் அசைவு, மூன்று மாதத்துக்கு மேல் வலுவேற்றும் பயிற்சி, கனமான வேலைக்கு நான்கு முதல் ஆறு மாதம். முதல் சில வாரம் மல்லாந்து படுத்துத் தூங்குவதே சிரமம். சாய்வு நாற்காலியில் தூங்கியவர்கள் நிறையப் பேர். தலை வாருவதற்கும் ஜாக்கெட் போடுவதற்கும் ஆள் வேண்டும். தேதி குறிப்பதற்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், புகைப்பவரானால் நிறுத்துங்கள். இரண்டும் தசைநாண் ஒட்டுவதைத் தாமதப்படுத்துகின்றன. வீட்டில் உதவிக்கு ஆள் இருக்கிறதா, அத்தனை வாரம் விடுப்புக் கிடைக்குமா என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

மற்றொன்று: கீழே விழுந்த பிறகு, அதுவரை நன்றாக இருந்த கையைத் திடீரென்று தூக்க முடியாமல் போனால் இந்தக் காத்திருப்புக் கணக்கு பொருந்தாது. அது முழுக் கிழிசலாக இருக்கலாம். மாதக்கணக்கில் தள்ளிப் போட்டால் தசைநாண் பின்வாங்கி, தசை கொழுப்பாக மாறிவிடும். பிறகு தைக்க நினைத்தாலும் எட்டாது. சில நாட்களுக்குள் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

தைத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலோருக்கு வலி ஒரு மாதத்திலேயே நன்கு குறைந்துவிடும். தசைநாண் எலும்போடு ஒட்டுவதற்குப் பன்னிரண்டு வாரமாவது ஆகும். வலி இல்லையே என்று ஐந்தாம் வாரத்தில் தண்ணீர்க் குடத்தையோ பேரப்பிள்ளையையோ அந்தக் கையால் தூக்கிவிடாதீர்கள்.